காதை மூடிக்கொள்வது திமிர் இல்லை

காதில் ஹெட்ஃபோன் மாட்டியவர்கள் மீது நம் எழுத்தாளர்களுக்குத் தீராத புகார் ஒன்று உண்டு. பக்கத்து சீட்டுக்காரரோடு பேச மாட்டார்களாம், குயில் கூவினால் கேட்காதாம், மண்ணிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்ட தலைமுறையாம். இதை எழுதுகிற பலர் கதவைச் சாத்திக்கொண்டு, "எழுதிட்டிருக்கேன், யாரும் சத்தம் போடாதீங்க" என்று வீட்டுக்கே ஊரடங்கு போட்டுவிட்டு எழுதுகிறவர்கள். அவர்களுக்கு அறை இருக்கிறது. அறை இல்லாதவன் காதில் மாட்டிக்கொள்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு ஊர் நைனார்பாளையம். மாதத்தில் பாதி நாள் இங்கிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். "கிராமம்னா நல்லா அமைதியா இருக்கும்ல?" என்று மீட்டிங்கில் கேட்பார்கள். விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கர். அது ஓய்ந்தால் பழைய இரும்பு வாங்க வரும் வண்டியின் ரெக்கார்டு குரல். அறுவடை சமயத்தில் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் ரேடியோ செட் முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்கிவிடும். கிராமத்து அமைதி என்பது பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிற ஒன்று. கல்வராயன் மலை மேலே ஏறினால் கொஞ்சம் கிடைக்கலாம், அதுவும் டூரிஸ்ட் வேன் வராத நாளில்.

அதனால் ஹெட்ஃபோன் வாங்குவதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் முப்பதாயிரம் ரூபாய்க்கு "மௌனம்" விற்கிறோம் என்று சொல்பவர்களையும் சும்மா விட முடியாது. அந்தக் கருவி எதை அடக்கும், எதை அடக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

1978இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போன அமர் போஸுக்கு, அங்கே கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். (அவருடைய அப்பா பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காளப் புரட்சிக்காரர். விளம்பரத்தில் இதெல்லாம் வராது.) வெளிச்சத்தத்தை மைக் பிடிக்கிறது, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் உண்டாக்குகிறது, இரண்டும் மோதி அடங்குகின்றன. 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, பயணிகளுக்கு வந்தது 2000இல்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த வித்தை பிறந்ததே இன்ஜினுக்காக. ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் 'ம்ம்ம்' என்று ஓடுகிற சத்தத்தை அது அருமையாக விழுங்கும். மனிதக் குரல் அப்படி இல்லை. சட்டென்று எழும், அடங்கும், அதன் மெய்யெழுத்துகள் உயர்ந்த அலைவரிசையில் இருக்கும். அதைத் தடுப்பது சர்க்யூட்டை விடக் காதோடு ஒட்டி உட்கார்கிற பஞ்சுதான். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த ஒட்டலில் இடைவெளி விழும். அடிக்கடி விமானத்தில் போகிறீர்களா, வாங்குங்கள், காசு வீண் இல்லை. சீட்டில் இருக்கும் திரையில் படம் பார்க்கப் பெரும்பாலும் வயர் தேவைப்படும், அதையும் பார்த்து வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவருக்கு, மெடிக்கல் ஷாப்பில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற காதடைப்பான் போதும்.

ஆபீஸ் கதை வேறு. அங்கே தொந்தரவு இன்ஜின் இல்லை, பேச்சு. ஏசியின் ரீங்காரத்தை ஹெட்ஃபோன் துடைத்து எடுத்த பிறகு, பக்கத்து மேஜைக்காரர் வீட்டு லோன் பற்றிப் பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். வாடகை மிச்சம் என்று கம்பெனி சுவரை இடித்தது, அதற்கு 'ஓப்பன் ஆபீஸ்' என்று பெயர் வைத்தது. இடித்த சுவரை நாம் மாதத் தவணையில் வாங்கித் தலையில் மாட்டிக்கொள்கிறோம். இதற்கு ஐந்து நட்சத்திர ரிவ்யூ வேறு! பேச ஒரு அறை, வேலை செய்ய ஒரு அறை என்று கேட்க வேண்டிய இடத்தில், "எந்த மாடல் நல்லது ப்ரோ?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பேச்சிலெல்லாம் வராத ஆள் ஒருத்தர் இருக்கிறார். என் மாமா. திருச்செங்கோட்டு போர் வண்டியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியவர், ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று ராடு மாட்டுகிற வேலை. இப்போது அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும், இரண்டாவது தடவை கத்த வேண்டும். "காதுக்கு எதுவும் தரலையா மாமா?" என்று கேட்டேன். "பஞ்சு வச்சுக்குவோம், அதும் எண்ணெய்த் துணிதான் கெடைக்கும்" என்றார். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு, 85ஐத் தாண்டினாலே ஆபத்து என்று அமெரிக்க ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்கிறது. ஆனால் இந்த மாதம் இந்தூர், அடுத்த மாதம் அனந்தபூர் என்று ஓடுகிற வண்டிக்குப் பின்னால் மீட்டரோடு யார் போவார்கள்? பேட்டரியும் ப்ளூடூத்தும் இல்லாத சாதாரண இயர்மஃப் சில நூறு ரூபாய். நான் விமானத்தில் மூன்று மணி நேரம் நிம்மதியாக இருக்கக் கொடுத்த பணத்தில், ஒரு வண்டி ஆட்கள் எல்லோருக்கும் வாங்கி, மிச்சத்தில் டீயும் குடிக்கலாம்.

சத்தம் நம் கலாச்சாரம், அதைக் குறை சொல்லாதே என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பறையும் மேளமும் மனிதக் கை அடிக்கிற சத்தம், கை வலித்தால் நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்குக் கை வலிக்காது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஊரில் 100க்கு போன் போட்டால் மறுநாள் காலை டீக்கடைக்கே தெரியும், யார் போட்டது என்று. பரீட்சைக்குப் படிக்கிற பெண், கைக்குழந்தைக்காரி, நெஞ்சுவலிக்காரர் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

போன ஆடியில் நாங்கள் நாலு பேர் போனோம். புகார் கொடுக்கவில்லை, செட்டுக்காரத் தம்பியிடமே கேட்டோம். "எனக்கென்னண்ணே, நான் நிறுத்திருவேன், அவங்க காசு குடுக்க மாட்டாங்க" என்றான். விழாக்காரர்களிடம் போனோம். ஒருவர் என் கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைக் காட்டி, "அதான் வச்சிருக்கியே, மாட்டிக்கயேன்" என்றார். "எனக்கு இருக்கு சித்தப்பா, பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஊர்ப் பக்கம் பார்த்திருந்த இரண்டு கூம்பை ஏரிப் பக்கம் திருப்பினார்கள். பத்தே முக்காலுக்கு நிறுத்தினார்கள்.