பிரான்ஸ் அதிபருக்கு புதுச்சேரியில் ஓட்டு... புதுக்கடைக்காரருக்கு துபாயில் ஏன் இல்லை?

2022 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தல் நடந்தபோது புதுச்சேரி, காரைக்கால், சென்னையிலும் வாக்குச்சாவடிகள் இருந்தன. வரிசையில் நின்றவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். கையில் இருந்தது மட்டும் பிரெஞ்சு அடையாள ஆவணம்.

இது எப்படி வந்தது?

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-ல்தான். அப்போது பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் பிரான்ஸ் வாக்காளர்கள்.

எப்படி ஓட்டு போடுகிறார்கள்?

அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் இரண்டு வாரம் கழித்து மீண்டும் மோதுவார்கள். நேரில் போக முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரை ஓட்டு போடச் சொல்லலாம்.

நாடாளுமன்றத் தேர்தல் இன்னும் சுவாரஸ்யம். மொத்தம் 577 இடங்கள். அதில் 11 இடங்கள் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கே! இந்தியா 11-வது வெளிநாட்டுத் தொகுதியில் வருகிறது. 2017-ல் ஹேக்கிங் பயத்தால் ஆன்லைன் ஓட்டை நிறுத்தினார்கள். 2022-லும் 2024-லும் மறுபடி கொண்டுவந்தார்கள்.

சரி, நம்ம கதை?

கன்னியாகுமரி மாவட்டத்தின் புதுக்கடையை எடுத்துக்கொள்வோம். தாய்த்தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச்சூட்டில் உயிர்களை இழந்த ஊர் இது. 1956 நவம்பர் 1-ல் அந்த இணைப்பு நடந்தது. எந்த அரசின் கீழ் வாழ்வது என்ற கேள்விக்கு ரத்தம் கொடுத்த மண். இன்று இந்தப் பகுதியிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ஆனால் ஓட்டு போட வேண்டுமென்றால் அவர்கள் லீவு எடுத்து, டிக்கெட் போட்டு, பாஸ்போர்ட்டோடு சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கே வர வேண்டும்.

வெளிநாடுவாழ் இந்தியர்கள் பட்டியலில் பெயர் சேர்க்க 2011-லிருந்து வழி இருக்கிறது. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம் பேர்தான். வந்து ஓட்டு போட்டவர்கள் 3,000-க்கும் குறைவு. டிக்கெட் காசு இருப்பவருக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

முயற்சியே நடக்கவில்லையா?

நடந்தது. பதிலாள் மூலம் ஓட்டு போடும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-ல் காலாவதியானது. 2020-ல் தேர்தல் ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் 2021 தேர்தலிலேயே மின்னணு தபால் வாக்கு தரத் தயார் என்று மத்திய அரசுக்கு எழுதியது. ராணுவத்தினருக்கு ஏற்கெனவே இருக்கும் வசதிதான் அது. அதுவும் அப்படியே நிற்கிறது.

எதிர்வாதங்களிலும் நியாயம் உண்டு. முதலாளியின் கண்காணிப்பில், தொழிலாளர் முகாமில் போடும் ஓட்டு ரகசியமாக இருக்குமா? பதிலாள் நம்ம சொன்னவருக்குத்தான் போடுவாரா? அதனால்தான் தூதரகத்துக்குள் வாக்குச்சாவடி என்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறேன். திரைக்குப் பின்னால் முதலாளியும் இல்லை, பதிலாளும் இல்லை. அந்தந்த நாட்டின் அனுமதி வேண்டும், தூரம் சிக்கல்தான். ஆனாலும் ஒன்றிரண்டு நகரங்களில் சோதித்துப் பார்க்கலாமே?

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்கள் அனுப்பும் பணம் நொடியில் வந்துவிடுகிறது. அவர்களின் ஓட்டு மட்டும் ஏன் விமானம் ஏறித்தான் வரணும்?