பகுதி நேரம் என்ற பெயரில் முழு நேரச் சுரண்டல்

ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று நாடெங்கும் ஒரே காட்சிதான். மைதானங்களில் விரிப்புகளைப் பரப்பி ஆயிரக்கணக்கானோர் அமர்கின்றனர். முன்வரிசையில் அமைச்சர்களும் அதிகாரிகளும் இருக்கின்றனர். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியதைத் தொடர்ந்து, 2015இல் தில்லி ராஜபாதையில் முதலாவது யோகா தினம் நடத்தப்பட்டது. 35,985 பேர் பங்கேற்ற அந்த நிகழ்ச்சி கின்னஸ் சாதனையாகவும் பதிவு செய்யப்பட்டது. இத்தகைய கூட்டங்களின் முன்னால் நின்று மூச்சை இழுக்கவும் விடவும் சொல்லிக்கொடுப்பவர் யார்? மற்ற 364 நாட்களில் அவர் எப்படி வாழ்கிறார்? அவருடைய கூலி என்ன? எந்தத் தொலைக்காட்சியும் இந்தக் கேள்விகளை எழுப்புவதில்லை. நாம் எழுப்பியாக வேண்டும்.

அரசே வழிகாட்டும் சுரண்டல்

2020 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 12,500 ஆயுஷ் நலவாழ்வு மையங்களை அமைக்க ஒப்புதல் அளித்தது. பின்னர் இவற்றுக்கு "ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்" என்று பெயர் சூட்டப்பட்டது. இம்மையங்களில் மக்களுக்குக் குழுவாக யோகப் பயிற்சி அளிப்பதற்குப் பகுதி நேரப் பயிற்றுநர்கள் அமர்த்தப்படுகின்றனர். தேசிய ஆயுஷ் இயக்கத்தின் கீழ் பல மாநிலங்களில் வெளியான நியமன அறிவிப்புகளில் காணப்படும் கணக்கு இதுதான்: ஒரு மணி நேர வகுப்புக்கு 250 ரூபாய். ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 வகுப்புகள், ஆகவே 8,000 ரூபாய். பெண் பயிற்றுநருக்கு மாதம் 20 வகுப்புகள், ஆகவே 5,000 ரூபாய்.

மணிக்கு 250 ரூபாய் என்று கேட்டால் நல்ல கூலியாகத்தான் தோன்றும். மாதக் கணக்கில் பார்த்தால் உண்மை வெளிப்படும். 5,000 ரூபாயை 30 நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 167 ரூபாய்கூட இல்லை. நாடு தழுவிய அடிமட்டக் கூலி என்று மத்திய அரசு 2019இல் அறிவித்த நாளொன்றுக்கு 178 ரூபாயே பட்டினிக் கூலி என்று தொழிற்சங்கங்கள் கண்டித்தன. அதனினும் குறைந்த தொகையில் ஒருவர் மாதத்தை ஓட்ட வேண்டியுள்ளது. மாதம் 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும் என்று மத்தியத் தொழிற்சங்கங்கள் கோரிவரும் காலத்தில் இது நடக்கிறது.

"ஒரு மணி நேர வேலைதானே, மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். மூலதனம் முதல் தொகுதியில், காலக்கூலி பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இந்தத் தந்திரத்தை அன்றே பிரித்துக் காட்டியிருக்கிறார். நாட்கூலியை மணிக்கூலியாக மாற்றிவிட்டால், தொழிலாளி உயிர்வாழத் தேவையான அளவு வேலையைத் தர வேண்டிய பொறுப்பிலிருந்து முதலாளி விடுபடுகிறார். தமக்குத் தேவையான மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தின் சுமையைத் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிடுகிறார். பயிற்றுநரின் நாள் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிவதில்லை. விடியலுக்கு முன் எழ வேண்டும். மையத்திற்குச் செல்லவும் திரும்பவும் பேருந்துச் செலவு உண்டு. மக்களைத் திரட்ட வேண்டும், வருகைப் பதிவேடு எழுத வேண்டும். மழையால் வகுப்பு நின்றுபோனால் அன்றைய கூலி கேள்விக்குறியாகிவிடும். இந்த உழைப்பு எதற்கும் 250 ரூபாய்க் கணக்கில் இடமில்லை.

பெண்ணுக்கு இரட்டை அநீதி

ஒரு வகுப்புக்கு இருவருக்கும் ஒரே தொகைதான், ஆகவே பாகுபாடு இல்லை என்று சட்டம் படித்தவர் வாதிடக்கூடும். ஆணுக்கு 32 என்றும் பெண்ணுக்கு 20 என்றும் வகுப்புகளைப் பிரித்தது யார்? சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கச் சொல்லும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கண்ணில் மண் தூவுவதற்கு, கூலி விகிதத்தைச் சமமாக வைத்துக்கொண்டு வேலையின் அளவைக் குறைத்தால் போதும் என்பதை அரசே கற்றுக்கொடுக்கிறது. பெண்ணின் வருமானம் குடும்பத்துக்கு உபரி வருமானம்தான் என்ற பழைய ஆணாதிக்கக் கருத்து இந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

மகப்பேறு உரிமையை எடுத்துக்கொள்வோம். மகப்பேறு நலன் குறித்த சட்ட விதிகளின்படி, முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்த பெண்ணுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்புக்கு உரிமை உண்டு. மாதம் 20 வகுப்புகளை நாளுக்கு ஒன்றாக நடத்தும் பெண் நான்கே மாதங்களில் 80 நாட்களை எட்டிவிடுகிறார். ஆயினும் "பகுதி நேரம்", "மதிப்பூதியம்" என்ற இரண்டு சொற்கள் அவரைப் பணியாளர் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. உடலே கருவியான ஒரு தொழிலில், கருவுற்ற மாதமே கூலி நிற்கும் மாதமாகிறது.

தனியார் உடற்பயிற்சிக்கூடங்களில்

அரசு காட்டிய வழியில்தான் தனியாரும் நடக்கின்றனர் என்று சொல்வதா, தனியாரின் வழியை அரசு பின்பற்றுகிறது என்று சொல்வதா? இரண்டும் உண்மையே. பெங்களூரு, புனே, மும்பை, குருகிராம் போன்ற நகரங்களின் உடற்பயிற்சிக்கூடங்களில் ஜூம்பா, ஏரோபிக்ஸ், யோகா வகுப்புகளை நடத்துவோரில் பெரும் பகுதியினர் வேறொரு வேலையும் பார்ப்பவர்கள். காலை 6 மணிக்கு வகுப்பு, 9 மணிக்கு அலுவலகம் அல்லது பள்ளி, மாலை 7 மணிக்கு மீண்டும் வகுப்பு. உறுப்பினர்களிடமிருந்து ஆண்டுச் சந்தாவை நிர்வாகம் முன்கூட்டியே வசூலித்துவிடுகிறது. பயிற்றுநருக்கோ வகுப்புக்கு இவ்வளவு என்று மாத இறுதியில் கணக்குப் பார்க்கப்படுகிறது. பல இடங்களில் அந்தக் கூலிக்குத் "தொழில்முறைக் கட்டணம்" என்று பெயரிட்டு 10 சதவீத வரியையும் பிடித்துக்கொள்கின்றனர். வருங்கால வைப்பு நிதியும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை. முழங்கால் தேய்ந்தாலும், இசையின் இரைச்சலை மீறிக் கத்திக் கத்திக் குரல் கெட்டாலும், மருத்துவச் செலவு அவருடையது.

உழைப்புக் கருவிக்கும் வாடகை செலுத்த வேண்டியிருக்கிறது. ஜூம்பா என்ற பெயரில் வகுப்பு நடத்த வேண்டுமானால் அமெரிக்க நிறுவனத்தின் உரிமம் வேண்டும். அதைத் தக்கவைத்துக்கொள்ள அந்த நிறுவனத்தின் பயிற்றுநர் வலைப்பின்னலில் மாதச் சந்தா கட்டிச் சேர்வதே வழக்கமான வழி. லத்தீன் அமெரிக்காவின் எளிய மக்களிடம் தோன்றிய நடன அசைவுகள் வணிகச் சின்னமாக மாறியபின், அவற்றை ஆடிக்காட்டி வாழ்பவரே அவற்றுக்குக் கப்பம் கட்டுகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக்கூடங்கள், யோகா மையங்கள் ஆகியவற்றின் சேவைகள் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மோடி அரசு இதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. வாடிக்கையாளரின் சுமை குறைவது நல்லதே. ஆனால் வரிச் சலுகை பெறும் ஒரு துறையில் வேலை செய்வோருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமாவது தர வேண்டும் என்ற நிபந்தனையை அரசு விதிக்கவில்லை.

இரண்டாவது வேலை ஏன்?

உடற்பயிற்சி மீது கொண்ட ஆர்வத்தால்தான் இவர்கள் வகுப்பு எடுக்கின்றனர் என்று கூறப்படுகிறது. ஆர்வம் இருப்பது உண்மைதான். ஆனால் ஆர்வத்தைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. ஒப்பந்த ஆசிரியருக்கும், தனியார் அலுவலக எழுத்தருக்கும், விற்பனைப் பிரதிநிதிக்கும் முதல் வேலையின் ஊதியம் போதுமானதாக இருந்தால், விடியற்காலை 5 மணிக்கு எழுந்து நகரின் மறுகோடிக்கு ஓடுவோரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டாவது வேலை என்பது முதல் வேலையின் கூலி போதவில்லை என்பதற்கான சாட்சியம். எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோ தொழிலாளர்கள் 1886இல் இரத்தம் சிந்தினர். அந்த எட்டு மணி நேரம் இன்று இரண்டு முதலாளிகளுக்கிடையே பன்னிரண்டாகவும் பதினான்காகவும் நீண்டு கிடக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆவது பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளியை அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்று தடுத்தது. களைத்த உடலைப் பாதுகாப்பதே அதன் நோக்கம். 2022இல் இதே பிரச்சனை வேறு வடிவில் வந்தது. போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி விப்ரோ நிறுவனம் 300 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதன் தலைவர் அதை ஏமாற்று வேலை என்று வர்ணித்தார். தொழிலாளியின் உடல்நலத்துக்காக இருந்த விதி, முதலாளியின் தனியுரிமைக்கான ஆயுதமாக உருமாறிவிட்டது. ஒரு பக்கம் இரட்டை வேலை துரோகம் என்கின்றனர். மறுபக்கம் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு, வேறு வேலையும் பார்த்துக்கொள் என்கின்றனர். இரண்டு நிலைகளிலும் தொழிலாளியின் நேரம் அவருக்குச் சொந்தமாக இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"இவர்கள் சுயதொழில் செய்வோர்; பல இடங்களில் வகுப்பு எடுப்பவர்கள் எப்படி எங்கள் ஊழியர்களாவர்?" என்பது நிர்வாகங்களின் வாதம். இதற்கு உச்ச நீதிமன்றம் 1973இலேயே பதிலளித்துவிட்டது. ஆந்திரத்தின் சில்வர் ஜூபிலி தையற்கடை வழக்கில், துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையற்காரர்களை ஊழியர்களே என்று அது தீர்ப்பளித்தது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் வேலை செய்யலாம் என்றும், வேலையிடமும் இயந்திரமும் யாருடையவை என்பது முக்கியம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. உடற்பயிற்சிக்கூடத்தின் கூடமும் கண்ணாடியும் ஒலிபெருக்கியும் நிர்வாகத்துடையவை. நேரத்தைத் தீர்மானிப்பதும், வகுப்பை ரத்து செய்வதும் அதுவே. அந்தத் தையற்கடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மத்திய நீர் ஆணையத்தில் பகுதி நேரம் என்ற பெயரில் பல்லாண்டுகள் வேலை வாங்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களின் வழக்கில் 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ தீர்ப்பும், அரசு நிறுவனங்கள் தற்காலிகம் என்ற முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்தது.

இந்தத் தீர்ப்புகளின் பலனைப் பறிக்கும் வேலையை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் செய்கின்றன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவரைக் "கிக் தொழிலாளி" என்று வரையறுக்கிறது. ஆனால் நிதி செலுத்தும் கடமையைச் செயலிவழித் தளங்கள் மீது மட்டுமே சுமத்துகிறது. தெருமுனை உடற்பயிற்சிக்கூடம் செயலித் தளமல்ல. ஆயுஷ் மையமும் அல்ல. ஆகவே பயிற்றுநர் ஊழியராகவும் கருதப்படுவதில்லை, கிக் தொழிலாளியின் சொற்பப் பயனும் அவரை எட்டுவதில்லை. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே தரையில் விடப்பட்டிருக்கிறார்.

நம் தோழர்களுக்குச் சில சொற்கள்

இது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, இதில் நமக்கென்ன வேலை என்று நம் தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். வகுப்புக்கு வருபவரையும் வகுப்பு எடுப்பவரையும் ஒன்றாகக் காண்பதால் விளையும் பிழை இது. பொருள் உற்பத்தி செய்பவர் மட்டுமே தொழிலாளி என்ற குறுகிய பார்வையை மார்க்ஸ் ஏற்கவில்லை. பள்ளி முதலாளியின் பணப்பையை நிரப்ப உழைக்கும் ஆசிரியரும் உபரி மதிப்பை உருவாக்கும் தொழிலாளியே என்று அவர் விளக்கினார். அந்த ஆசிரியரின் இடத்தில் உடற்பயிற்சிப் பயிற்றுநரை வைத்துப் பார்த்தால் போதும்.

உடற்பயிற்சியும் நமக்கு அந்நியமானதன்று. 1925இல் பிராங்பர்ட்டிலும் 1931இல் வியன்னாவிலும் தொழிலாளர் ஒலிம்பியாட் நடத்திய இயக்கம் உழைக்கும் வர்க்கத்தின் இயக்கமே. உடல்நலம் அனைவரின் உரிமை. அதைக் கற்பிப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

அங்கன்வாடி, ஆஷா, மதிய உணவுப் பணியாளர்களை ஒரு காலத்தில் தொண்டர்கள் என்று ஒதுக்கினார்கள். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதால்தான், அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரையை அரசு கிடப்பில் போட்டது வேறு விஷயம். கோரிக்கை மேடையேறியது போராட்டத்தால். யோகா பயிற்றுநர்கள் அந்த வரிசையில் சேர வேண்டிய அடுத்த திட்டப் பணியாளர்கள்.

உடனடிக் கோரிக்கைகள் தெளிவானவை. ஆயுஷ் மையப் பயிற்றுநர்களைத் திட்டப் பணியாளர்களாக அறிவித்து, வகுப்புக் கணக்கைக் கைவிட்டு மாத ஊதியம் வழங்க வேண்டும். ஆண், பெண் என்று வகுப்புகளைப் பிரிக்கும் முறையை ரத்து செய்ய வேண்டும். தனியார் கூடங்களில் எழுத்து மூலமான ஒப்பந்தம், ரத்தான வகுப்புக்கும் கூலி, விபத்துக் காப்பீடு, ஈ.எஸ்.ஐ., மகப்பேறு உரிமை ஆகியவை வேண்டும். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகப் பணியாளரையும் உள்ளடக்கியது. ஆகவே பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வொரு கூடத்திலும் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும்.

இதைத் தொடங்க மாநாடு கூட்ட வேண்டியதில்லை. நம் கிளைகளின் எல்லைக்குள் இருக்கும் ஆயுஷ் மையத்திற்கும் உடற்பயிற்சிக்கூடத்திற்கும் ஒருநாள் காலை 6 மணிக்குச் செல்வோம். வகுப்பு முடிந்தபின், அடுத்த வேலைக்குப் பேருந்து பிடிக்க விரையும் பயிற்றுநரோடு நிறுத்தம் வரை நடப்போம். அந்த உரையாடலில் பல நாட்களாகச் சொல்ல ஆளின்றி அவர் சுமந்துவரும் கணக்கு வெளிப்படும். அந்தக் கணக்கிலிருந்துதான் சங்கம் பிறக்கும்.