சாலையோட்டமும் நம் மஹல்லாவும்

சிற்றூர் விளையாட்டுக் கழகங்கள் சாலையோட்டப் பந்தயம் நடத்தும்போது, "தொழுகையாளிக்கு அங்கே என்ன வேலை?" என நம்மில் சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். இவ்வொதுக்கம் மார்க்கம் கற்பித்ததன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியிட்டார்கள். முதன்முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள் மதீனாவை நோக்கி ஓடி அன்ஸாரித் தோழர் ஒருவரை வென்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு.

ஆயினும் வரம்பு உண்டு. ஓடுவோர் அனைவரும் பணம் கட்ட, அத்தொகையையே வென்றவர் அள்ளிச் செல்வது சூதாகும் என்பதே ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் கருத்து. கட்டணம் ஏற்பாட்டுச் செலவுக்கோ நற்பணிக்கோ சென்றால் நிலை வேறு. 2013இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான் புற்றுநோய் அறப்பணிக்கு நிதி திரட்டுவது. 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானோ பரிசின்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே நடத்தப்படுவது.

ஆகவே, தென்னேரி போன்ற ஊர்களில் பந்தயம் அறிவிக்கப்பட்டால், ஜமாஅத்தார் கழகத்தாரிடம் முன்கூட்டியே பேசுவது நன்று. ஓட்டம் ஃபஜ்ருக்குப் பின் தொடங்கட்டும். பரிசுத்தொகை கட்டணத்திலிருந்து அன்றி நன்கொடையாளரிடமிருந்து வரட்டும். பெண்பிள்ளைகள் கண்ணியமான உடையில் ஓட வழியிருக்கட்டும். பள்ளிவாசல் முன்பு நாம் தண்ணீர்ப் பந்தல் அமைப்போம். ஒதுங்கி நின்றால் உடல்நலம் மட்டுமன்று, அண்டை வீட்டாரின் நட்பும் நம்மை விட்டு அகலும்.

வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுடலையும் நல்லுறவையும் தந்தருள்வானாக.