கறுப்பு டெலிபோனுக்கு வந்த கிராக்கி!

பழைய டெலிபோனுக்குப் புதிய கிராக்கி வந்திருக்கிறது. வட்டத்துக்குள் விரலை விட்டுச் சுழற்றுவோமே, அந்தக் கறுப்பு டெலிபோன்தான்! பழைய இரும்போடு சேர்த்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட சாமான், இன்று பழம்பொருள் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது.

திருச்சி கே.கே. நகரில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைகள் வெகு தூரம் இல்லை. புதுக்கோட்டை வழியாகச் சென்றால் சுமார் 90 கிலோ மீட்டரில் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு மரப்பெட்டிகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் பாத்திரங்கள், சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். அவற்றுக்கு நடுவே டெலிபோனைத் தேடுகிறவர்கள் இன்று உண்டு.

புது வீடு கட்டியவர்கள் முன் கூடத்தில் ஓர் அழகுப் பொருள் வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறு இல்லை. ஆனால், காசை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருடைய சொத்து?

'எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. எங்கே போனது என்று தெரியவில்லை' என்று பலர் சொல்வார்கள். காரணம் இதுதான்: டெலிபோன் நம் வீட்டில் இருந்தது. ஆனால் அது நம்முடையது அல்ல! நெடுங்காலம் வரை கருவி தபால் தந்தி இலாகாவின் சொத்தாக இருந்தது. நாம் வாடகைதான் கொடுத்தோம். இணைப்பை விட்டால் கருவியைத் திருப்பித் தர வேண்டும். பட்டன் டெலிபோன் வந்தபோது பழையதை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவை பெரும்பாலும் கழிவாயின. தப்பிப் பிழைத்தவைதான் இன்று கடைக்கு வருகின்றன.

இவற்றில் பல, பெங்களூரில் 1948-ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் செய்தவை. சுதந்திர இந்தியா தொடங்கிய முதல் பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் அதுவும் ஒன்று. 'நூறு வருஷத்துப் பழசு' என்று யாராவது சொல்லி, அடியில் 'ஐ.டி.ஐ.' முத்திரை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலைக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை!

சவப்பெட்டிக்காரர் கண்ட வழி

முதலில் டெலிபோனில் டயலே கிடையாது. எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஓர் ஆள் பேசுவார். அவரிடம் நம்பரைச் சொன்னால் இணைப்பார்.

அமெரிக்காவில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் சவ அடக்கத் தொழில் செய்து வந்தார். தமக்கு வர வேண்டிய அழைப்புகளை எக்ஸ்சேஞ்ச் ஆள் போட்டிக் கடைக்குத் திருப்பி விடுவதாக அவருக்குச் சந்தேகம் வந்தது என்று சொல்வார்கள். 'நடுவில் ஆளே வேண்டாம்' என்று தானியங்கி எக்ஸ்சேஞ்சை வகுத்தார். 1891-ல் அதற்கு உரிமை பெற்றார். சுழலும் டயல் சில ஆண்டுகள் கழித்து வந்தது.

டயல் செய்யும் வேலை மிக எளிது. 1 என்று சுழற்றி விட்டால், மின்சாரம் ஒரு முறை அறுந்து சேரும். 5 என்றால் ஐந்து முறை. 0 என்றால் பத்து முறை! எக்ஸ்சேஞ்ச் அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொள்ளும். டயல் 'கிர்ர்' என்று திரும்பும்போதுதான் அந்தத் துடிப்புகள் போகும்.

டெலிபோன் செலவுக்குப் பயந்து டயலில் சின்னப் பூட்டுப் போட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் விடுவார்களா? ரிசீவர் வைக்கும் கட்டையைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டார்கள்! அதுவும் அதே துடிப்புதானே!

வாங்குவோர் கவனிக்க

பித்தளையில் பளபளவென்று இருப்பதெல்லாம் பழசு அல்ல. புதிதாகச் செய்து பழைய மோஸ்தரில் விற்பவை ஏராளம். வட்டமாக எண்கள் இருக்கும். தொட்டுப் பார்த்தால் சுழலாது. அழுத்தும் பட்டனாக இருக்கும்.

டயலை 0 வரை சுழற்றி விடுங்கள். ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நடுவில் நின்றால் உள்ளே அழுக்கு. அடித்தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணிகளும் நடுவில் சிறு சுத்தியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடுகளும் விற்பனைக்கு வருவது உண்டு.

வாங்கினால் பேசுமா? பழைய செப்புக் கம்பி இணைப்பில் பேசுவதற்கு வாய்ப்பு உண்டு. கண்ணாடி இழை இணைப்போடு வரும் பெட்டிகள் பலவற்றுக்கு டயலின் துடிப்பு புரியாது. கடைக்காரர் 'வேலை செய்யும்' என்றால், இதைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

பழுது பார்க்க ஆள் இல்லை என்று வருந்த வேண்டாம். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கை அந்தத் திருகாணிகளை மறந்திருக்காது.

விலைக்குக் கிடைக்காதது

ஒரு தெருவுக்கே ஒரு டெலிபோன் இருந்த காலம் அது. மனுப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு நம்பரை 'பி.பி.' என்று போட்டுக் கொடுத்தார்கள். வேளை கெட்ட வேளையில் மணி அடித்தாலும், அடுத்த வீட்டுக்காரரை ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள்.

வெளியூருக்குப் பேச டிரங்கால் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் நேராக டயல் செய்து வெளியூர் பேசும் வசதி 1960-ல்தான் வந்தது. அதுவும் முதலில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே மட்டும்!

பிரசவச் செய்தி, சாவுச் செய்தி, வேலை கிடைத்த செய்தி எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் வந்தன. இதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் விற்க முடியாது. உங்கள் வீட்டுத் தாத்தாவும் பாட்டியும்தான் சொல்ல முடியும்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். நம்பர் என்ன, யார் வீட்டில் இருந்தது, முதலில் என்ன செய்தி வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். டெலிபோன் வாங்கினால் அந்தத் தாளை அதன் அடியில் வையுங்கள். வாங்காவிட்டாலும் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊருக்கும் ஒரு கடமை உண்டு. திருச்சி தெப்பக்குளம் அருகே ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இரண்டு டயல் டெலிபோன்களை ஒன்றோடு ஒன்று இணைத்து வைத்தால் என்ன? ஒரு பிள்ளை இந்தப் பக்கம் சுழற்ற, இன்னொரு பிள்ளை அந்தப் பக்கம் எடுத்துப் பேசட்டும். செலவு அதிகம் ஆகாது.

அலமாரியில் வைத்த டெலிபோன் அழகுதான். ஆனால் டெலிபோன் பிறந்தது பேசுவதற்கு!