வெள்ளையனுக்கு ஒரே ராத்திரியில் ரெண்டு ஊசி!

இரவு எட்டு மணி. வாக்கிங் முடித்து வந்த தாத்தா, செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா, வெள்ளையனுக்கு ஊசி போட்டுட்டேன். சாப்பாடு வெச்சியா?"

பேத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழேகாலுக்கு காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாக அவளும் ஊசி போட்டிருந்தாள். "எப்ப போட்டீங்க தாத்தா?" "ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி. ஏன்?"

திருச்சி உறையூரில் இருக்கும் அந்த வீட்டில் அதன் பிறகு விடியும்வரை யாரும் தூங்கவில்லை.

வெள்ளையன் பத்து வயது ஆண் பூனை. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனது. ஒரு காலத்தில் ஏழு கிலோ. மத்தி மீன் வாசம் வந்தால் தெருமுனையிலிருந்தே ஓடி வரும். அதற்கு சர்க்கரை நோய் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் இரண்டு யூனிட், 12 மணி நேரம் கழித்து மாலையில் இரண்டு யூனிட் இன்சுலின். அன்று மாலை அதன் உடம்புக்குள் போனது நான்கு.

ஏழேகாலுக்குப் பேத்தி டெஸ்ட் செய்துவிட்டுத்தான் ஊசி போட்டாள். மீட்டர் 236 காட்டியது. தாத்தா போட்டு 25 நிமிடம்தான் ஆகியிருந்ததால் மீட்டரும் காட்டிக்கொடுக்கவில்லை.

சர்க்கரை நோய் என்றால் சர்க்கரை ஏறுவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். இன்சுலின் போட ஆரம்பித்துவிட்டால் கணக்கு மாறிவிடும். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் பூனைக்கு சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அதையே ஒரு வேளை கூடுதலாகப் போட்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, மயக்கம் என்று சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும்.

டாக்டருக்கு போன் போனது. இரவில் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் பக்கத்தில் இல்லை. "முதல்ல சாப்பாடு வைங்க. மணிக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. 80-க்குக் கீழ போனா உடனே கூப்பிடுங்க. தேன் பாட்டில் பக்கத்துலயே இருக்கட்டும்" என்றார் அவர்.

எட்டேகாலுக்கு 212. ஒன்பதரைக்கு 148. பத்தரைக்கு 88. ஒவ்வொரு தடவையும் மீட்டரில் எண் இறங்க இறங்க, பாட்டி சாமி படத்தையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றேகாலுக்கு மீட்டர் 58 என்றது. வெள்ளையன் எழுந்து நடக்கப் பார்த்து, பின்னங்கால் பின்னி, அப்படியே உட்கார்ந்தது.

பேத்தி விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினாள். வாய்க்குள் ஊற்றவில்லை. மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு எதையாவது ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரலையும் விடக் கூடாது. சில நிமிடங்களில் வெள்ளையன் நாக்கைச் சுழற்ற ஆரம்பித்தது. அப்போது பாட்டி ஒரு கிண்ணத்தோடு வந்தார். உள்ளே பால்சோறு. மூன்று மாதமாக அந்த வீட்டில் பூனைக்குத் தடை செய்யப்பட்டிருந்த பண்டம். டாக்டரே போனில் "இப்ப குடுங்கம்மா, பரவாயில்ல" என்றார்.

பதினொன்றரைக்கு 71. ஆனால் அதோடு முடியவில்லை. தேன் ஏற்றும் சர்க்கரை சீக்கிரம் கரைந்துவிடும். இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு மணிக்கு மறுபடி 64. மறுபடி தேன், மறுபடி ஒரு வாய் சோறு. நாலு மணிக்கு 92. காலை ஆறு மணிக்கு 168. அன்று காலை ஊசி வேண்டாம் என்று சொல்லி, நேரில் கொண்டுவரச் சொன்னார் டாக்டர்.

அன்றைக்கு வெள்ளையனைக் காப்பாற்றியது வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்ததும், அதன் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்ததும்தான்.

ஏன் கிளினிக் டெஸ்ட் மட்டும் போதாது?

ஆரம்பத்தில் அறிகுறிகள் தெளிவாகத்தான் இருந்தன. வெள்ளையன் அடிக்கடி தண்ணீர் குடித்தது. மணல் தட்டில் கட்டி கட்டியாகச் சிறுநீர். சாப்பாடு குறையவில்லை, எடை மட்டும் இறங்கியது. பிறகு பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி தாழ்வாக நடக்க ஆரம்பித்தது. நரம்பு பாதிக்கப்படுவதால் சர்க்கரை நோய் வந்த பூனைகளில் சிலவற்றுக்கு இப்படி ஆகும்.

முதல் நாள் கிளினிக்கில் 380. அதை மட்டும் வைத்து டாக்டர் முடிவுக்கு வரவில்லை. பூனைகளுக்குப் பயம் வந்தாலே சர்க்கரை எகிறிவிடும். கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால், நோயே இல்லாத பூனைக்கும் 300-ஐத் தாண்டலாம். அதனால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரை நிலவரத்தைச் சொல்லும் ஃபிரக்டோசமைன் டெஸ்ட்டும் எடுத்தார். உறுதியான பிறகுதான் வேளைக்கு ஒரு யூனிட் என்று தொடங்கினார். கூடவே, "இனி வீட்டுலதான் டெஸ்ட். இங்க வந்து எடுக்கிற நம்பரை நம்பி டோஸ் ஏத்த முடியாது" என்றும் சொல்லிவிட்டார்.

பூனையின் காது ஓரத்தில், முடி குறைவான இடத்தில், மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதன் அருகில்தான் லேசாகக் குத்த வேண்டும். முதல் நாள் பேத்தி மூன்று ஸ்ட்ரிப்பை வீணாக்கினாள். குத்தினாள், ரத்தம் வரவில்லை. அழுத்திக் குத்தினாள், பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. பிறகு கற்றுக்கொண்டாள். வெதுவெதுப்பான துணியைக் காதில் ஒரு நிமிடம் வைத்தால் ரத்தம் எளிதாக வரும். காதுக்குப் பின்னால் பஞ்சை மடித்துப் பிடித்தால் ஊசி நம் விரலில் ஏறாது. வாஸ்லினை மிக மெல்லிசாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். முடிந்ததும் வேகவைத்த சிக்கன் ஒரு துண்டு. இரண்டாவது வாரத்திலிருந்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே வெள்ளையன் தானாக வந்து உட்கார்ந்தது. சிக்கனுக்காகத்தான், சந்தேகமே வேண்டாம்.

அவர்கள் பயன்படுத்தியது மனிதர்களுக்கான மீட்டர். விலங்குகளுக்கென்றே மீட்டர்கள் இருக்கின்றன. ஸ்ட்ரிப் கிடைப்பதுதான் கஷ்டம். மனித மீட்டர், பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையை விடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். டாக்டர் அதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்துவது முக்கியம். ஆனால் 58 வந்தால் "மீட்டர் குறைச்சுத்தான் காட்டும்" என்று சும்மா இருக்கக் கூடாது.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடமாக சர்க்கரை நோயாளி. ஃபிரிட்ஜில் அவருடைய இன்சுலினும் இருக்கிறது, வெள்ளையனுடைய இன்சுலினும் இருக்கிறது. இரட்டை ஊசியை விடப் பெரிய ஆபத்து அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

தாத்தாவுடையது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து; சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெள்ளையனுக்கு எழுதிக் கொடுத்தது கிளார்ஜின், ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் கிளார்ஜினை இரண்டாம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டு யூனிட் அல்ல, ஐந்து. கண்ணுக்கு இரண்டு கோடும் ஒன்று போலத்தான் தெரியும். தாத்தாவின் மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் அவருக்குப் போவது எட்டு யூனிட்தான். வீட்டில் இரண்டு சர்க்கரை நோயாளிகள் இருந்தால், அதில் ஒருவருக்கு வால் இருந்தாலும், மருந்தையும் சிரிஞ்சையும் தனித்தனி டப்பாவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மெடிக்கலில் "இது இல்ல, இத வாங்கிக்குங்க" என்று வேறு சிரிஞ்சு கொடுத்தால் வாங்கக் கூடாது.

பூனைக்கு மனித மருந்தா என்று தாத்தாவுக்கு முதலில் சந்தேகம். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம், மனித இன்சுலினோடு நான்கு. ஆனாலும் வேலை செய்கிறது.

இன்னொரு நாள் காலையில் 320 வந்தது. பேத்திக்குக் கை பரபரத்தது, அரை யூனிட் கூட்டிவிடலாமா என்று. டாக்டர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். ஊசிக்கு முன்னால் எடுக்கும் எண்ணை மட்டும் வைத்து டோஸை மாற்றக் கூடாது. இரவில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தாலும், உடம்பு தற்காப்புக்காகக் கல்லீரலிலிருந்து சர்க்கரையைக் கொட்டி, காலையில் அதிகமாகக் காட்டலாம். அப்போது டோஸைக் கூட்டினால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொன்னார். காலை 7 மணிக்கு 290. பிறகு 210, 150. பகல் 1 மணிக்கு 118. அதன் பிறகு ஏறி, மாலை 7 மணிக்கு 270. டாக்டர் முதலில் பார்த்தது அந்த 118-ஐ. மிகக் குறைந்த எண் 80-லிருந்து 150-க்குள் நின்றால் டோஸ் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். "ஏத்த வேண்டாம்" என்றார். ஏற்றினாலும் இறக்கினாலும் அரை யூனிட், அதுவும் குறைந்தது ஒரு வாரம் பார்த்த பிறகு.

ஊசி போடும்போது பூனை துள்ளி, மருந்து முடியில் பட்டு ஈரமாகிவிடுவது அடிக்கடி நடக்கும். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அப்போதும் மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளைதான். பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் ஊசிக்கு முன்னால் டாக்டருக்கு போன். ஆனால் பயந்துபோய் நாள்கணக்கில் நிறுத்திவிடவும் கூடாது. ரத்தத்தில் அமிலம் கூடி, அதுவும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

அந்த இரவுக்குப் பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது, பேனாவோடு. தேதி, மணி, சர்க்கரை, யூனிட், போட்டது யார். எழுதாமல் யாரும் மருந்து டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது பாட்டியின் சட்டம். ஒரு நாள் தாத்தா ஊசி போட்டுவிட்டு எழுத மறந்தார். பேத்தி வந்து பார்த்தாள், நோட்டில் இல்லை. தாத்தாவைக் கேட்டாள். "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், அன்று மாலை ஊசி கிடையாது.

பால்சோறும் பிஸ்கட்டும் மறுபடி நின்றன. பூனை மாமிச உண்ணி. மாவுச்சத்து அதன் உடம்புக்கு அவ்வளவாகத் தேவையே இல்லை. கிப்பிள் என்று விற்கிற உலர் தீனியைக் குறைத்து, டாக்டர் சொன்ன ஈர உணவும் சிக்கனும் வைத்தார்கள். சாப்பாட்டை இப்படி மாற்றும்போதும் டெஸ்ட் முக்கியம். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய டோஸே கூடுதலாகிவிடும்.

அப்படித்தான் ஆனது. ஐந்தாவது மாதம் வெள்ளையனின் எண்கள் மெல்ல இறங்கின. இரண்டு யூனிட் ஒன்றரை ஆனது, பிறகு ஒன்று, பிறகு அரை. சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். எல்லாப் பூனைக்கும் வராது, வந்தது திரும்பிப் போகவும் செய்யும். வெள்ளையனுக்கு இப்போது ஊசி இல்லை. வாரத்துக்கு இரண்டு டெஸ்ட் மட்டும் தொடர்கிறது.

அந்த இரண்டு நாள்களில் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரலில் குத்திக்கொள்கிறார். போன வாரம் வெள்ளையனுக்கு 104, தாத்தாவுக்கு 186. பாட்டி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குச் சிக்கன் குடு. இவருக்கு நாளைக்குக் காபியில சக்கரை கிடையாது."