வாக்கை எண்ணும் முன்: பேக்-12 வழக்கு குறித்து

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சி உரிமத் தொகையில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. பேக்-12 கூட்டமைப்பு 2023இல் சிதறியதற்குப் பணம் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் சிதறிய பின் எஞ்சிய நிதியும் பெயரும் யாருடைய ஆளுகைக்குச் செல்லும் என்ற வழக்கு, துணைவிதி ஒன்றின் பொருளைச் சுற்றியே நடந்தது.

மேற்கு மாநிலங்களின் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் அப்போது அதன் உறுப்பினர்களாக இருந்தன. 2024 ஆகஸ்ட் 1க்கு முன் விலகல் அறிவிப்புத் தரும் உறுப்பினர், நிர்வாகக் குழுவில் தம் இடத்தை இழப்பார் என்பது அன்றைய விதி. 2022 ஜூனில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறுவதாக அறிவித்தன. அதன்பின் குழுவின் அலுவல்கள் அவற்றின் வாக்கின்றியே நடந்தன. அடுத்த ஆண்டு மேலும் எட்டுப் பல்கலைக்கழகங்கள் கிளம்பியபோது அதே விதிக்கு வேறு பொருள் முளைத்தது. உண்மையான விலகல் 2024 ஆகஸ்டுக்குப் பிறகுதான், ஆகவே வாக்குரிமை போகவில்லை என்று வாதிடப்பட்டது.

எஞ்சிய வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் நீதிமன்றம் சென்றன. அவற்றின் அச்சம் வெறும் கற்பனையன்று. போகிற பத்துப் பேருக்கும் வாக்கிருந்தால், கூட்டமைப்பையே கலைத்துச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியும். 2023 நவம்பரில் விட்மன் கவுண்டி நீதிமன்றம் இவ்விருவரிடமே நிர்வாகத்தை ஒப்படைத்தது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுஆய்வு செய்ய மறுத்தது. பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் இரண்டு வென்றதைப் பெரும்பான்மைக் கொள்கைக்கு விரோதம் எனல் தவறு. முடிவின் விளைவைச் சுமக்காதவர் அதைத் தீர்மானிக்கலாகாது என்பதும் அக்கொள்கையின் பகுதியே. எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது: அந்தப் பருவத்தில் பத்து அணிகளும் ஆடின, வருவாய் ஈட்டின. அவற்றையும் நியாயமாக நடத்தவேண்டும் என்று நீதிபதி விதித்த நிபந்தனை அதற்கான விடை.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் அரங்கேறியது. (பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது அதில்தான் இருக்கின்றன, பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.) புதியவரைச் சேர்க்க அப்போது 15 வாக்குகளில் 12 வேண்டியிருந்தது. முதலில் நால்வர் எதிர்த்தனர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் மனம் மாறியதும், 2023 செப்டம்பர் 1இல் 12க்கு 3 எனத் தீர்மானம் நிறைவேறியது. சேர்க்கையை முனைந்து ஆதரித்த நோட்டர் டேம், அக்கூட்டமைப்பில் கால்பந்தே ஆடுவதில்லை. இருப்பினும் அதற்கு முழு வாக்கு உண்டு. எதிர்த்த ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகமோ அந்த ஆண்டு முடிவதற்குள் கூட்டமைப்பின் மீதே வழக்குத் தொடுத்தது.

இரு கூட்டமைப்புகளிலும் வாக்குரிமை பல்கலைக்கழகத் தலைவர்களுக்கே. பெர்க்லியின் கைப்பந்து வீராங்கனைகள் ஒரு போட்டிக்காகக் கண்டத்தின் மறுகோடிக்குப் பறக்கவேண்டும் என்பதும் அந்த 12 வாக்குகளால் முடிவானதுதான்.