மணல் போகும் திசை

விருத்தாசலத்தில் வாழும் நாம் மணிமுத்தாற்றை நாள்தோறும் காண்கிறோம். அது வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது என்று படித்ததுண்டு, பார்த்ததில்லை. ஆதலின் சென்ற மாசித் திங்களில், பங்கின் இளைஞர் நால்வரோடு கடலூர்த் துறைமுகத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை கடலோரமாகவே நடப்பதென்று துணிந்தோம். ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஐம்பதைக் கடந்த கால்களுக்கு அது சற்று மிகையே.

புறப்படும் இடத்திலேயே கருங்கல் தடுப்புச் சுவர்களைக் கண்டோம். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கல்லைப் போட்ட இடத்தில் ஊர் பிழைக்கும், ஐயா; அடுத்த ஊரின் கதியை யார் கேட்பது?" என்றார். வழி நெடுக நம் உள்ளத்தை அறுத்தது அச்சொல்லே.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலைகள் அதனைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே செல்கின்றன. நம் சோழமண்டலக் கரையில், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே செல்லும். ஏனைய மாதங்களில் வடக்கே செல்லும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. குறுக்கே ஒரு சுவர் எழுந்தால் அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. புதுவையில் 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின்னர் நகரின் மணற்கரை மறைந்தது. கற்களைக் குவித்து ஊரைக் காக்க நேர்ந்தது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கல் கொட்டினால், அரிப்பு அதற்கப்பால் உள்ள குப்பத்திற்கு நகர்கிறது.

நண்பகலில் சாமியார்பேட்டையில் சவுக்கு நிழலில் கட்டுச்சோறு உண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கரை இது. பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளும் சவுக்குத் தோப்புகளும் தம் பின்னிருந்த ஊர்களின் சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் ஆய்வாளர்கள் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து விலகியிருந்த தொலைவுமே காரணம் என மறுத்தோரும் உண்டு. எவ்வாறாயினும், கடலுக்கு உரிய இடத்தைக் கடலுக்கு விட்டுவிடுவதே நன்று என்று நமக்குத் தோன்றுகிறது.

பொழுது சாயும் வேளையில் அன்னங்கோயிலை அடைந்தோம். எதிரே வெள்ளாற்று முகத்துவாரம். நம்முடன் வந்தவருள் ஒருவர் பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவர். களிமண் கூழ் கட்டியாகிவிடாதிருக்க சோடியம் சிலிகேட் சேர்க்கும் வழக்கத்தை அவர் விளக்கினார். இங்கே இயற்கை அதற்கு நேர்மாறாகச் செய்கிறது. ஆற்றின் நன்னீரில் கலந்து மிதந்துவரும் நுண்ணிய களிமண் துகள்கள், கடலின் உப்பைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. அந்தச் சேற்றிலேதான் நண்டும் இறாலும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. ஆறும் கடலும் ஒன்றையொன்று தடுக்காமல் கலக்குமிடம் எத்துணை உயிர்களுக்குத் தொட்டிலாகிறது! இவற்றை ஆராய்வதற்கென்றே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல் உயிரியல் மையத்தைப் பரங்கிப்பேட்டையில் வைத்திருக்கிறது.

அன்பர்களே, பேருந்தில் திரும்பும்போது கால் வலித்தது. அதைவிட நெஞ்சு வலித்தது. முன்னர் நாம் பணியாற்றிய பங்கொன்றில், மழைநீர் தேங்குகிறதென்று வளாகத்தை மண்ணிட்டு உயர்த்தி மதிலும் எழுப்பினோம். எல்லோரும் பாராட்டினர். பின்தெருவில் குடியிருந்த ஓர் ஏழைக் குடும்பம் மட்டும் அடுத்த ஐப்பசியில் பாய் தலையணைகளோடு திண்ணையில் நின்றது. "மழை அதிகம்" என்று கூறி அனுப்பிவிட்டோம். நீரை அங்கே திருப்பியது நம் மண்ணே என்பதை அன்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண விரும்பவும் இல்லை.

வீட்டைக் காப்பது கடமை, குற்றமன்று. ஆயினும் வாசலை உயர்த்துமுன், இந்நீர் எவர் வாசலுக்குப் போகும் என்று ஒருமுறை கேட்பதும் அதே கடமையின் மறுபாதி. ஒரு வடிகால் வெட்டியிருந்தால் அன்று போதுமானதாயிருந்திருக்கும்.

அடுத்த மழைக்கு முன் அவ்வூருக்குச் சென்று, இப்போதைய பங்குத்தந்தையோடு அந்தப் பின்தெருவில் நடந்து பார்க்க முடிவு செய்துள்ளோம். இம்முறை நடக்கவேண்டிய தொலைவு இருநூறு அடிதான். எனினும் கடற்கரையில் நடந்த 25 கிலோமீட்டரைவிட அது கடினமாக இருக்குமென்றே தோன்றுகிறது.